எல்லோரும் சிரித்த இடம்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு வயிற்றெரிச்சலில். இரண்டு பழைய நண்பர்கள் சேர்ந்து ஒரு பெண்குழந்தையை வளர்க்கும் நகைச்சுவைப் படம். வெளியிடுவதற்கு முன்னால் வேண்டியவர்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். நானும் போயிருந்தேன். ஓர் இடத்தில் அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அப்போது என் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை.

வயிறு சரியில்லாமல்கூடப் போயிருக்கலாம். ஆனால் என் புத்தி சும்மா கிடக்குமா? அவரை இழுத்துக்கொண்டு வந்து இங்கே உட்கார வைத்துவிட்டேன். இனி அவர் அந்தப் படத்தின் வசனகர்த்தா. அவருக்குக் கல்லூரிப் படிப்பை முடிக்கும் ஒரு மகள். அவள் மனதில் அப்பா என்கிற இடம் தன்னுடையதுதானா என்பதே அவருடைய கவலை. மற்றதெல்லாம் நான் கட்டிவிட்டது.

2

தொடக்கம், முதல் முயற்சி: "உயிருக்குயிரான இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். ஒருவருக்கு ஒன்று என்றால் மற்றவர்..."

சீ, வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் கடைசியில் யாரையாவது சாகடிக்க வேண்டிவரும்.

இரண்டாம் முயற்சி: ஓர் அறை, ஒரு மேசை. மேசைமுன் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டுகிறவர் திரைக்கதைக்காரர். கேட்டால்கூட பதில் வராது, அதனால் கோட்டான் என்று பெயர். குறுக்கும் நெடுக்கும் நடந்து எல்லாப் பாத்திரமாகவும் பேசிக் காட்டுகிறவர் நம் ஆள், வாயாடி. இவர் பேச அவர் அடிக்க, இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஒருவருக்கொருவர் காட்சியாக எழுதிக் காட்டுவது அவர்கள் பழக்கம். தனக்குப் பெண் பார்த்திருப்பதைக்கூட வாயாடி ஒரு தபால்காரர் பாத்திரத்தின் வாயால்தான் சொன்னார்.

[வாயாடிக்குப் படப்பிடிப்பு என்று ஓயாத அலைச்சல். அவர் மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டது, காய்ச்சலில் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது, சைக்கிள் பழக்கியது எல்லாம் கல்யாணமே செய்துகொள்ளாத கோட்டான். குழந்தைக்கு அவர் மாமா. அம்மா எங்கே என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஷிஃப்ட் வேலை. அவளைப் பற்றித் தனிக் கதை எழுதாதது என் சோம்பேறித்தனம்.]

3

படத்தின் நடுப்பகுதி நகராமல் முரண்டு பிடித்தது. ஒருநாள் கோட்டான் ஒரு பக்கத்தை நீட்டினார். "படிச்சுப் பாரு."

பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாவுக்குப் பதிலாக நண்பன் போகிறான். டீச்சர் குழந்தையிடம், யார் இவர் என்று கேட்கிறாள். வாயாடி வழக்கம்போல் எழுந்து நின்று நடித்துக் காட்டினார். டீச்சராகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். குழந்தையாகக் குரலைச் சிறிதாக்கினார்.

"மிஸ், இவல்தான் எங்கப்பா."

தாளில் 'இவர்' என்றுதான் இருந்தது. இவருடைய நாக்கு அதைத் தன் மகளின் பழைய மழலையில் சொல்லிவிட்டது. அப்படியே நின்றுவிட்டார்.

"டேய், இது நீயா யோசிச்சதா?"

கோட்டான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்ததாடா?"

"ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்ப. சின்னப்பிள்ளை, விடு."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

"நான் அப்பா இல்ல மிஸ்னு சொல்ல வாய் இல்லையா உனக்கு?"

"இருந்துச்சு. மனசு வரலடா."

வாயாடி ஆத்திரத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நடந்தால் வசனம் வந்துவிடும், பாழாய்ப்போன பழக்கம்.

"இதோட நிறுத்தினா எவனும் சிரிக்கமாட்டான். ம், அடி. 'இன்னொருத்தர் எப்பவாவது வருவார் மிஸ். அவர் மாமா.'"

கோட்டான் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு அந்த வரியையும் அடித்தார்.

4

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். எந்த அப்பனாவது தன் தலையில் தானே இப்படி மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வானா? அந்த வரியை மூன்று தடவை அடித்து நீக்கினேன். மூன்று தடவையும் திரும்ப எழுதினேன். குழந்தை சொன்னது முதல் வரி மட்டும்தான். இரண்டாவது வரி முழுக்க இவர் கைங்கரியம். சுமாரான வசனத்தைச் சுமாராகவே விட்டுவைக்க இவருக்குத் தெரியாது. தயாரிப்பாளர் கேட்டுவிட்டுத் தொடையைத் தட்டினார். வாயாடி மறுநாளே அந்த வரியைத் தூக்கிவிடச் சொன்னார். "படத்துல உயிரோட இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றார் கோட்டான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அரங்கமே சிரித்தது அந்த இரண்டாவது வரிக்குத்தான்.

5

முடிவு, ஒன்று: வாசலில் கோட்டான் காத்திருக்கிறார். இருவரும் கட்டிப்பிடித்து...

நடக்காது. இருபத்தைந்து வருஷமாகப் படங்களை அப்படி முடித்து முடித்துத்தான் அவர்கள் பிழைத்தார்கள். அவர்களாலேயே அதை நம்ப முடியாது.

இரண்டு: வாயாடி அவரை ஓங்கி அறைகிறார். அறைந்து? மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவரை எந்த வாயால் குற்றம் சொல்வது?

மூன்று: கார். படம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள், மகள் ஓட்டுகிறாள்.

"ஏம்பா பாதியில எழுந்து போனீங்க?"

"கால் மரத்துப்போச்சு." பிறகு, வெளியே பார்த்துக்கொண்டே, "அந்த ஸ்கூல் சீன் இருக்கே, அது நிஜமா நீ சொன்னதாம். ஞாபகமிருக்கா?"

அவள் யோசித்தாள். "ஞாபகம் இல்லப்பா." சிக்னலில் வண்டியை நிறுத்தினாள். "ஆனா சொல்லியிருப்பேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நம் ஆளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். பச்சை விழுந்தது.

"அப்பா, அடுத்த வாரம் பட்டமளிப்பு விழா. வீட்டிலேர்ந்து ரெண்டு பேரைத்தான் உள்ளே விடுவாங்களாம். ஒருத்தர் அம்மா. இன்னொருத்தர்..."

அந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. உங்களுக்கும் வீட்டில் யாராவது இருப்பார்கள், நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வாழ்நாளெல்லாம் பிறருக்கு வசனம் எழுதிக் கொடுத்த மனுஷர், "நான் வர்றேம்மா" என்ற இரண்டு வார்த்தைச் சமாச்சாரத்துக்கு நாக்கு எழாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.