பள்ளிக்கூடத்து அடுப்பு

காலை ஐந்தே கால். கம்பிவேலி வாசலில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தியின் மடியையும் முந்தானை முடிச்சையும் தடவிப் பார்த்து வெளியே அனுப்புவது செல்லம்மாவின் வேலை. அவசரகாலம் வந்தபின் ஒரு பிடிச் சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. காட்டில் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடுபவர்களுக்குப் போய்விடும் என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார்.

வரிசையின் ஓரமாக வீரமுத்து வாத்தியார் வந்தார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு அவர் ஒருவர்தான் ஆசிரியர். பெற்றோர் கூட்டம் போட முடியாது, கூட்டங்களுக்குத் தடை. சாயங்காலம் வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போனால், பேசி முடிப்பதற்குள் ஊரடங்கு மணி அடித்துவிடும். எல்லாரும் ஓரிடத்தில் நிற்பது இந்த வரிசையில் மட்டும்தான்.

"வந்துட்டாரு பாரு," என்றாள் ராக்கம்மா. "செல்லம்மா மடியத் தடவுறா. இவரு மண்டையத் தடவுறாரு."

பெண்கள் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்துவிட்டு மங்கம்மாவின் பக்கத்தில் நின்றார்.

"உங்க மக பஞ்சாலையப் பத்திப் பேசணும்."

"நேத்துத்தானே பேசுனீங்க."

"நேத்து நீங்க பதில் சொல்லல."

பஞ்சாலை மங்கம்மாவின் மூத்த மகள். பரீட்சையில் தேறினால் பகாவ் டவுனில் இருக்கும் இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்கள். அடுத்த வருடம் என்றால் வயது கடந்துவிடும். பள்ளியில் இருப்பது ஒரே கூடம். சின்ன வகுப்புகள் கலைந்த பிறகுதான் இங்கிலீஷ் சொல்லித்தர முடியும். அவை கலைவது பன்னிரண்டு மணிக்கு. அந்த நேரத்தில் பஞ்சாலை சோறாக்க வீட்டுக்கு ஓடிவிடுவாள். ராக்கம்மாவின் மகளும் ஓடுவாள். பெரிய வகுப்புப் பெண்கள் எல்லாருமே ஓடுவார்கள்.

"நாலு மணிக்கு எந்திரிச்சு வரக்காப்பி குடிச்சிட்டுப் போறேன்," என்றாள் மங்கம்மா. "ஒரு மணிக்குத் திரும்புற வரைக்கும் பச்சத் தண்ணிதான். ஒரு உருண்டச் சோறு கொண்டு போவ விடுறாங்களா? வந்து பாக்குறப்ப அடுப்பு ஆறிக் கெடந்தா, நான் இங்கிலீசையா திங்கிறது?"

வரிசை ஓர் அடி நகர்ந்தது. வாத்தியாரும் நகர்ந்தார்.

"சட்டியப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டாரட்டும்," என்றார். சொன்ன பிறகுதான் அதை யோசித்தார். "பின்னால அடுப்புப் போட்டுத் தர்றேன். பாடம் ஒரு பக்கம் நடக்கட்டும், சோறு ஒரு பக்கம் வேகட்டும்."

"எங்க சட்டியும் கண்டவங்க சட்டியும் ஒரே அடுப்புலயா?" என்றாள் ராக்கம்மா. "அதெல்லாம் நடக்காது லா."

"ஆளுக்கு ஒரு அடுப்பு."

மங்கம்மாவின் முறை வந்தது. கைகளைத் தூக்கினாள். செல்லம்மா அவள் இடுப்பைத் தடவினாள். தூக்கிய கையோடு மங்கம்மா சொன்னாள்:

"ஒரு நாள் பாக்குறேன். ஒரு மணிக்கு நல்ல சோறு இருந்தா அவ படிக்கட்டும். இல்லன்னா இந்தப் பேச்ச விட்டுறணும்."

"சரி."

"அப்புறம் இங்க வந்து நிக்கக் கூடாது."

"சரின்னேன்ல."

"அடுத்த ஆளு வா," என்றாள் செல்லம்மா.

அன்று காலையே வாத்தியார் சாக்கடை ஓரத்திலிருந்து கற்களைப் பொறுக்கிவந்து, பள்ளியின் பின்பக்கம் மும்மூன்றாக வைத்தார். அவருக்குச் சாப்பாடு தோட்டத்து ஆபீஸ் கிராணி வீட்டிலிருந்து வரும். அடுப்பு மூட்டிப் பழக்கமில்லை. ஆனாலும் வரிசை நேராக இருந்தது. அதில் அவருக்குத் திருப்தி.

வாத்தியார் சொன்னபடி பன்னிரண்டு மணிக்குப் பெரிய வகுப்புப் பெண்கள் சட்டியும் அரிசியுமாக வந்தார்கள். தீ மூட்டி உலை வைத்தார்கள். அரிசி போட்டதும் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தார்கள். முறை வைத்து ஒருத்தி எழுந்துபோய்ச் சட்டிகளைப் பார்த்துவர வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் ராக்கம்மாவின் மகள் போய்வந்தாள். அடுத்த முறை பஞ்சாலையுடையது.

வாத்தியாருக்கும் இங்கிலீஷ் ஏழாம் வகுப்புவரைதான். முந்தின நாளே பாடத்தைப் படித்து வைத்துக்கொண்டுதான் நடத்துவார். அன்றைய பாடம் ஆட்டைத் தொலைத்த ஒரு பையனின் கதை. பஞ்சாலை எழுந்து நின்று வாசித்தாள். இதுவரை அவள் ஒரு வரிக்கு நாலு முறை நின்று அவர் முகத்தைப் பார்ப்பாள். அன்று பார்க்கவில்லை. முதல் வரியை முடித்தாள். அடுத்த வரிக்குப் போனாள். விரல் மட்டும் எழுத்துக்களின் கீழே ஓடியது.

பக்கம் முடிந்தது. அவள் நிமிர்ந்து பின்கதவைப் பார்த்தாள். சட்டி பார்க்கும் நேரம் என்று அவருக்கும் தெரியும். திருப்பு என்று கையைக் காட்டினார்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

"மூக்க எங்க அடகு வச்சிங்க, வாத்தியாரே?"

ராக்கம்மாவின் குரல். அரைச்சுவருக்கு வெளியே பெண்கள் நின்றார்கள். வெட்டிய பாலை ஒப்படைக்கும் ஸ்டோரிலிருந்து நேராக வந்திருந்தார்கள். மங்கம்மாவும் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அப்போதுதான் அவருக்குத் தீய்ந்த வாடை தெரிந்தது.

ஓடிப்போய் முதல் சட்டியை வேட்டி நுனியால் பிடித்துத் தூக்கினார். சூடு தாங்காமல் கீழே வைத்தார்.

"ஐயோ பாவம், நகருங்க," என்று பெண்கள் சிரித்துக்கொண்டே மற்றவற்றை இறக்கினார்கள்.

எல்லாச் சட்டியிலும் அடி பிடித்திருந்தது. பஞ்சாலையின் சட்டியில் பாதிக்கு மேல் கருப்பு.

"என் மொறதாம்மா," என்றாள் பஞ்சாலை. "நான்தான் போவல."

"நான்தான் விடல," என்றார் வாத்தியார்.

மங்கம்மா சட்டியைச் சாய்த்துப் பிடித்து, மேல்சோற்றை மட்டும் தட்டில் வழித்தாள். லயம்வரை போகப் பொறுக்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து உப்பைத் தொட்டுச் சாப்பிட்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ராக்கம்மா மகளை ஓடவிட்டு வீட்டிலிருந்து கருவாட்டுச் சம்பல் எடுத்துவரச் செய்தாள். அது கைக்குக் கை போனது.

வேலியோரம் காவலுக்கு நின்ற மலாய்க்காரப் போலீஸ் எட்டிப் பார்த்தான். இத்தனை பேர் கூடியிருப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை. ராக்கம்மா சோற்றுக் கையைத் தூக்கிக் காட்டி, சாப்பாடுதான் என்று அவனுடைய மலாயிலேயே, "மாக்கான், மாக்கான்!" என்றாள். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

வாத்தியார் விரல்களைக் குவளைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றார். கொடுத்த வாக்கு ஞாபகம் இருந்தது. நாளைக் காலை வாசலுக்குப் போகக் கூடாது. போனாலும் மங்கம்மாவிடம் நிற்காமல் தாண்டி நடக்க வேண்டும்.

"என்னா கத அது?" என்றாள் மங்கம்மா. மகளைப் பார்க்காமல், வாயில் சோற்றோடு.

"ஒரு பையனோட ஆடு தொலஞ்சு போச்சு. தேடிக்கிட்டுப் போறான்," என்றாள் பஞ்சாலை.

"கெடச்சிச்சா?"

"தெரியல. அதுக்குள்ள சோறு தீஞ்சிருச்சு."

"கெடச்சிருந்தா கறியாச்சும் தின்னுருக்கலாம்," என்றாள் ராக்கம்மா.

மங்கம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. பஞ்சாலை அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்து, கை கழுவி, மங்கம்மா எழுந்தாள். அடுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு கல்லைக் காலால் தள்ளினாள்.

"யாரு வச்சது இது?"

"நான்தான்."

"தெரியுது. கல்லு இம்புட்டுத் தாழ்வா இருந்தா தீ நேரா அடியிலதானே பிடிக்கும்?"

அவள் சாக்கடைப் பக்கம் போனாள். உயரமான கற்களாகத் தேடி இரண்டிரண்டாகத் தூக்கிவந்தாள். ராக்கம்மாவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடப் போனாள். இருவரும் பழைய கற்களை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியவற்றை வைத்தார்கள். வரிசை கோணலாக இருந்தது. மங்கம்மா ஒரு காலிச் சட்டியை ஏற்றிவைத்து ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. பஞ்சாலை புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவருகே நின்றாள்.

மங்கம்மா கையை முந்தானையில் துடைத்தாள்.

"நாளைக்கு வெறகு யாரு மொறை, வாத்தியாரே?"