மேக்கணக்குப் புன்னைகள்

லொறியின் படங்கை விலக்கியதுமே ஜீவராணிக்கு அது என்ன கன்று என்று தெரிந்துவிட்டது. எதிரெதிராகப் பிறந்த தடித்த இலைகள். எண்ணெய் தடவியது போல ஒரு மினுக்கம். நடு நரம்பிலிருந்து இரண்டு பக்கமும் சீப்புப் பல்லைப் போல நெருக்கமாக ஓடும் மெல்லிய கோடுகள். சந்தேகத்துக்கு இடமில்லை என்றாலும் ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தாள். பால் கசிந்தது.

“தொம்ப,” என்று சிங்களத்தில் சொன்னான் லொறிக்காரன். “ஆயிரத்து இருநூறு இருக்கு.”

புன்னை. மட்டக்களப்பில் அவள் தாவரவியல் படித்தபோது கடைசி வருட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மரம் அதுதான். கடற்கரையில் முந்நூறு கொட்டைகள் பொறுக்கிவந்து, பாதியை ஓட்டோடும் மீதியை ஓடு உடைத்தும் நட்டு, விடிந்ததும் போய் எது முளைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஒரு வருடத்தைக் கழித்தவள். அந்தக் காய் கடலில் மாதக் கணக்கில் மிதந்து வந்து வேறு கரையில் முளைக்கும். உப்புக் காற்று எவ்வளவு அடித்தாலும் இலை கருகாது. அலை அரித்த மணலில் அடிமரம் கடலைப் பார்த்துச் சாய்ந்து கிடந்தாலும் பட்டுப்போகாது. தாங்காதது ஒன்றுதான், குளிர்.

அப்படிப்பட்ட மரத்தை நாலாயிரம் அடி உயரத்தில், பண்டாரவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வெடிப்பு விட்ட சரிவில் நடப் போகிறார்கள். கிழக்குக் கரையில் காற்றுத் தடுப்புக்காக வளர்த்த கன்றுகளில் மிஞ்சியவை இவை. ஒரு தொண்டு நிறுவனம் மலைக்கு அனுப்பிவிட்டது. நட ஏற்ற மரந்தானா என்று அறிக்கை எழுதும் பொறுப்பு, ஹாலிஎல அரசாங்க நாற்றுப்பண்ணையில் வேலை செய்த ஜீவராணியின் தலையில் விழுந்தது.

அவளுக்கு அந்தச் சரிவு தெரியும். தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில்தான் அவள் பிறந்தாள். சரிவுக்கு நேர் கீழே, காம்பராவுக்கு ஒரு குடும்பமாகப் பன்னிரண்டு காம்பரா வரிசையாக இருக்கிற லயத்தில் அவளுடைய அக்கா தயானி வாழ்க்கைப்பட்டிருந்தாள். மலை உச்சியில் தேயிலைக்கு நடுவே ஒரு வெடிப்பு ஓடியது. முதலில் விரல் நுழைந்தது. பிறகு கை நுழைந்தது. சனங்கள் கேட்டது வேறு இடத்தில் காணியும் வீடும். வந்தது கன்று.

ஜீவராணி மறைக்காமல் எழுதினாள். இந்த மரம் இந்த உயரத்துக்குச் சரிவராது. நிலத்துக்குள் ஆழத்தில் வெடித்திருப்பதால் எந்த மரத்தின் வேரும் பிடித்து நிறுத்தாது. சனங்களை முதலில் அப்புறப்படுத்த வேண்டும். மூன்று வரி. ஒரு கிழமையில் அந்தத் தாள் பென்சில் கோடுகளோடு திரும்பி வந்தது. அடுத்த நாள் தொண்டு நிறுவனத்தின் ஜெயகுமார் நேரிலே வந்தார்.

ஜெயகுமார் கெட்ட மனுஷன் இல்லை. மீரியபெத்தையை மண் மூடிய வருடம் அங்கேயே மூன்று கிழமை தங்கிச் சோறு ஆக்கிப் போட்டவர்.

“மிஸ், நீங்க எழுதினது பிழைன்னு நான் சொல்லல,” என்றார். “ஆனா இத அனுப்பினா மார்ச்சுக்குள்ள திட்டத்தையே மூடிருவாங்க. கன்னும் போயிரும், கானும் போயிரும். மழத்தண்ணி உள்ள எறங்காம வெளிய இழுத்துவிடுற கான் இந்தத் திட்டத்துலதான் இருக்கு. கான் வேணுமா வேணாமா?”

“வேணும் சேர். கான்தான் முக்கியம்.”

“அப்ப ஒரு வரிய மாத்துங்க. மரம் ஒரு பக்கம் கெடக்கட்டும். கானாச்சும் வரும்.”

அவளுடைய வேலை நாலு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமாக்கும் பட்டியல் அந்த வருடம் போவதாகப் பேச்சு. அதை ஜெயகுமார் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. ஆனால் பேனாவை எடுத்தபோது அவள் மனதில் கான் மட்டும் இருந்தது என்று பிறகு ஒரு நாளும் அவளால் சொல்ல முடியவில்லை.

‘புன்னை ஆழமாக வேரோடும் பசுமை மாறா மரம். இதை நடுவதால் சரிவின் ஆபத்து கணிசமாகக் குறையும்.’ முதல் வரி புத்தகத்தில் உள்ளது. இரண்டாவது வரி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதன் கீழே பெயரும் பட்டமும் எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

கன்றுகளை நட்டார்கள். மேக்கணக்கில் எழுநூறு, பக்கத்து நடுக்கணக்கில் ஐந்நூறு. தோட்டத்துத் துரை வந்து முதல் கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டார். கான் நூறு யார் நீளத்துக்கு வந்து ஒரு பாறையில் முட்டியது. பாறையை உடைக்க ஆள் வருவார்கள் என்றார்கள். வரவில்லை. சரிவு பாதுகாக்கப்பட்டுவிட்டது என்று காரணம் காட்டி, இடம் மாற்ற வேண்டிய லயங்களின் பட்டியலிலிருந்து மேக்கணக்கு, நடுக்கணக்கு இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஜீவராணியின் அறிக்கையைப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பிள்ளைக் காம்பராச் சுவரில் மாட்டினார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. எல்லோர் கண்ணிலும் பட்டது.

தயானிக்குப் பெருமை பிடிபடவில்லை. “நம்ம லயத்துப் பேரு இங்கிலீசுல போட்டு மாட்டியிருக்கு ராணி. துரையே வாசிச்சுக் காட்டினாரு,” என்று தொலைபேசியில் சொன்னாள்.

அந்தக் கான் பாறையோடு நின்றது தெரிந்த பிறகும் ஜீவராணி வாய் திறக்கவில்லை. முதல் மார்கழிக் குளிரில் கன்றுகளின் இலை ஓரம் தீய்ந்தது. இரண்டாவது வருடத்திலும் அவை முழங்காலைத் தாண்டவில்லை. தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போனவள், யாரும் பார்க்காத நேரமாகச் சரிவில் ஏறி ஒரு கன்றைப் பிடித்து இழுத்தாள். கத்தரிச் செடி வருவது போலக் கையோடு வந்தது. கன்று வளர்ந்த பையின் அச்சிலேயே ஆணிவேர் சுருண்டு சுருண்டு பம்பரக் கயிறு மாதிரி இருந்தது. இரண்டு வருடத்தில் அது மலைக்குள் ஒரு சாண் கூட இறங்கவில்லை. வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தாள். அடி தெரியவில்லை.

கன்றைத் திரும்பக் குழியில் வைத்து, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துவிட்டுக் கீழே இறங்கினாள். தயானி முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, பெரிய மழ பேஞ்சா பள்ளிக்கூடத்துக்குப் போயிருங்க.”

“ஏன்டி, மரம் நட்டிருக்கே.”

“இருந்தாலும் போயிருங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். மரத்தைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். தன்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். தங்கை பெயரைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிற முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அந்த மாதம்தான் நிரந்தரக் கடிதமும் கைக்கு வந்திருந்தது.

மூன்று கிழமை கழித்து மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. நாலாம் நாள் காலையில் சதீஸ்குமாரிடமிருந்து அழைப்பு வந்தது. தயானியின் புருஷன், பண்டாரவளைச் சந்தைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவன். ரோடு அடைபட்டதால் இரண்டு நாளாகப் பண்டாரவளையிலேயே நின்றிருந்தான்.

“ராணி,” என்றான். “லயம் இல்லையாம்.”

பஸ் இல்லை, ரயில் இல்லை. ஜீவராணி தண்டவாளத்தின் மேலேயே நடந்தாள். இடையிடையே தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது. அப்படிப்பட்ட இடங்களில் இறங்கிச் சுற்றிப் போனாள். மேக்கணக்கை அடையும்போது பகல் இரண்டு மணி.

மலையின் ஒரு பக்கம் முழுசாக நழுவி வந்திருந்தது. மேலே செம்மண் சுவர் செங்குத்தாக நின்றது. கீழே, லயம் இருந்த இடத்தில், மூன்று ஆள் உயரத்துக்கு மண். அந்த மண்ணின் மேல் புன்னைக் கன்றுகள் நின்றன. ஒன்று கூடச் சாயவில்லை. நட்ட வரிசை கலையாமல், இடைவெளி கூட மாறாமல், மேலே நின்றபடியே வந்து லயத்தின் மேல் நின்றன. ஆட்கள் அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அவளும் குனிந்து பிடுங்கத் தொடங்கினாள். அவள் யார் என்று தெரிந்த ஒருவர் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

பதினேழு பேர். தயானியை மூன்றாம் நாள் எடுத்தார்கள்.

சதீஸ்குமாரின் தாய் இராக்கம்மா உயிரோடு இருந்தாள். பள்ளிக்கூட மண்டபத்தில், யாரோ கொடுத்த பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடம் கொழுந்து எடுத்த கைகள் மடியில் சும்மா கிடந்தன. ஜீவராணி பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் தானாகவே பேசத் தொடங்கினாள்.

“மல வாறதுக்கு மொத நா சாயந்தரமே நான் கூப்புட்டேன். பீலியில வர்ற ஊத்துத் தண்ணி செவப்பா வந்துச்சு. மல வயித்துக்குள்ள என்னமோ உருளுற மாதிரி சத்தம். வா புள்ள, பள்ளிக்கூடத்துக்குப் போவோம்னேன்.”

“அத்தை…”

“நீ சொல்லிட்டுப் போனேன்னு அவளும் பொட்டலம் கட்டினா. கட்டிட்டு, பக்கத்துக் காம்பராக்காரியும் வாறாளான்னு கேக்கப் போனா. அங்க எல்லாருமா பேசியிருக்காங்க. பயப்பட ஒண்ணுமில்ல, தயானி தங்கச்சி கையெழுத்துப் போட்ட மரம் நிக்குது, நீயே பயந்து ஓடினா எப்பிடின்னு. திரும்பி வந்து பொட்டலத்த அவுத்துட்டா. நீங்க போங்க அத்தை, நான் இருக்கேன், நான் போனா ராணிக்கு அசிங்கம்னா.”

ஜீவராணி சுவரில் சாய்ந்துகொண்டாள். மண்டபத்தில் எங்கோ ஒரு குழந்தை இருமியது.

“அந்த மரம் புடிக்குமா புடிக்காதா?” என்று இராக்கம்மா கேட்டாள். “ஒனக்குத் தெரியுமா?”

“புடிக்காது அத்தை. எனக்குத் தெரியும். எழுதுற அன்னிக்கே தெரியும்.”

இராக்கம்மா அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. மடியில் இருந்த கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். “அவன்கிட்ட நீயே சொல்லு,” என்றாள். “நான் சொல்ல மாட்டேன்.”

ஜீவராணி அன்றைக்கே சொன்னாள். சதீஸ்குமார் முழுவதையும் கேட்டான். “சரி,” என்றான். அதற்குப் பிறகு அவளிடம் அவன் பேசவே இல்லை.

விசாரணைக்கு வந்த நில ஆய்வு அதிகாரியிடம் அவள் முதலில் எழுதிய மூன்று வரித் தாளையும், பிறகு கையெழுத்து வைத்த தாளையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் இரண்டையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் நழுவியிருக்கிறது,” என்றார். “எந்த மரம் நட்டிருந்தாலும் வந்திருக்கும். உங்கள் கையெழுத்து மண்ணுக்கு ஒரு வித்தியாசமும் செய்யவில்லை.”

“மண்ணுக்கு இல்லீங்க சேர். அவங்க அத நம்பித்தானே உள்ள இருந்தாங்க.”

அவர் தாள்களைக் கோப்பில் வைத்தார். இரண்டு மாதத்தில் ஜீவராணியை வேலையிலிருந்து இடைநிறுத்தினார்கள். ஜெயகுமாரை வேறு மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். பென்சில் கோடு போட்டது யார் என்பது விசாரணையில் வரவில்லை. மேக்கணக்கில் தப்பியவர்களுக்குக் காணி தருவதாகச் சொல்லி, அதுவரைக்கும் பழைய தேயிலை ஸ்டோர் ஒன்றில் இருக்கச் சொன்னார்கள்.

நடுக்கணக்கை யாரும் நினைக்கவில்லை. அங்கேயும் அதே மலை, அதே அறிக்கை, ஐந்நூறு புன்னை. முப்பத்தாறு குடும்பம். அடுத்த மழை எச்சரிக்கை வந்த நாள், ஜீவராணி குடையோடு ஸ்டோர் வழியாக வந்தபோது வாசலில் இராக்கம்மா செருப்பு மாட்டிக்கொண்டு நின்றாள்.

“நீ தனியாப் போனா கல்லெறிவானுக,” என்றாள்.

லயம் லயமாக ஏறினார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஜீவராணி ஒரே விஷயத்தைத்தான் சொன்னாள். “நான்தாங்க அந்த அறிக்கை எழுதினேன். அது பொய். அது கடக்கரை மரம், இங்க புடிக்காது. மேக்கணக்குல என் அக்காவும் அத நம்பித்தான் செத்துச்சு. தயவுசெஞ்சு கீழ எறங்குங்க.”

ஒருத்தி கதவைச் சாத்தினாள். ஒரு கிழவர் காறித் துப்பினார். “அன்னிக்கு எழுதயில பொய்யா, இன்னிக்குச் சொல்லயில பொய்யா? எத நாங்க நம்புறது?” என்று ஒருவன் கேட்டான். அவள் வாசலிலிருந்து ஓடி ஒரு கன்றைப் பிடுங்கிக் கொண்டுவந்து சுருண்ட வேரைக் காட்டினாள். அதைப் பார்த்தபிறகு அவன் மனைவி துணிமணிகளை எடுத்து மூட்டை கட்டினாள். அன்றைக்கு இருபத்தெட்டுக் குடும்பம் கோயில் மண்டபத்துக்கு இறங்கியது.

ஒன்பது நாள் மழை பெய்தது. நடுக்கணக்கு மலை அசையவில்லை. சனங்கள் நனைந்த பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பி ஏறினார்கள். ஒன்பது நாளும் வேலைக்குப் பேர் விழாமல் சம்பளமும் போய், இரண்டு காம்பராவில் கோழிகளைத் திருடிவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த எச்சரிக்கைக்குப் பதினொரு குடும்பம் இறங்கியது. மலை அப்போதும் நின்றது.

மூன்றாவது எச்சரிக்கை ஒரு வியாழக்கிழமை வந்தது. இருவரும் காலையிலேயே ஏறினார்கள். பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்றவர்கள் அவர்களைக் கண்டதும் சிரித்தார்கள். “மரத்துக்காரி வந்துட்டா,” என்றது ஒரு குரல். ஜீவராணி அவர்களைத் தாண்டிப் போய், முதல் லயத்து முதல் வாசலில் தட்டினாள். நாலு குடும்பம் வந்தது. மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு சறுக்கும் படியில் அவர்கள் இறங்க, இராக்கம்மா ஒரு கைக்குழந்தையை வாங்கித் தன் சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். ஜீவராணி அவர்களோடு இறங்கவில்லை. மழை வலுத்துக்கொண்டிருந்தது. இன்னும் இறங்காதது முப்பத்திரண்டு குடும்பம். இரண்டாவது லயத்தைப் பார்த்து நடந்தாள்.