சாமித் தட்டில் வைத்த உறை

காலை ஏழரைக்கு வில்லரேப் பகுதியில் சிவநேசத்தின் இரண்டாம் மாடி வீட்டு மணி அடிக்கும். கீழ்வீட்டு அஜந்தா வேலைக்குப் போகிற வழியில் தன் இரண்டு பிள்ளைகளையும் சிவநேசத்திடம் விட்டுவிட்டு மெத்ரோ ரயிலுக்கு ஓடுவாள். மூத்தவனுக்கு மூன்று வயது, சின்னவளுக்கு ஒன்றரை வயது. அதன்பிறகு மாலை ஐந்து மணிவரை சிவநேசத்துக்கு இருந்து ஒரு தேத்தண்ணீர் குடிக்க நேரமிராது. அந்த நேரம் பார்த்துத்தான் ரொறன்ரோவிலிருந்து தங்கை வித்தியாவின் அழைப்பு வரும். ஓய்வுபெற்று வீட்டிலிருக்கும் கணவர் யோகேந்திரன் எடுத்துச் சொல்லுவார்: "அக்கா சும்மாதான் வீட்டில நிக்கிறா, கதையுங்கோ."

சும்மாவாம்! ஒரு கையில் குழந்தையும் மறுகையில் கஞ்சிக் கோப்பையுமாக அவர் ஒருநாள் சும்மா நின்று பார்க்கட்டும்.

காசு வாங்காமலில்லை. வெள்ளிக்கிழமைகளில் அஜந்தா உறையைச் சாமித் தட்டில் வைத்துவிட்டுப் போவாள். கையில் கொடுத்தால் கூலியாகிவிடுமாம். இது யோகேந்திரன் போட்ட சட்டம்.

பெப்ரவரிக் கடைசியில் அஜந்தா தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"அன்ரி, பிள்ளை பாக்கக் குடுத்த காசைச் சம்பளத்தில கழிச்சுப்போட்டுத்தான் வரி போடுவாங்கள். ஆனால் உங்கட பேர், வரிப் பேப்பரில போடுற சின் நம்பர், கையெழுத்தோட றிசீற் வேணும். அது இல்லாட்டி எனக்குக் கட்டுப்படியாகாது. பிள்ளையளைக் கார்டெரிக் காப்பகத்திலதான் விடவேணும்."

சிவநேசம் சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சின்னவள் முதல் அடி வைத்ததே இந்த வீட்டு விறாந்தையில்தான்.

யோகேந்திரன் துள்ளிக் குதித்தார். "பிள்ளை பாக்கக் கூலி வாங்கினதெண்டு எழுதிக் குடுக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்? வேலையில்லை எண்டுதானே வருசா வருசம் உம்மட வரிப் பேப்பரில எழுதுறன்!"

மற்ற நாளென்றால் சிவநேசம் மூச்சுக் காட்டியிருக்க மாட்டாள். அன்று குழந்தையைத் தூக்கி அவர் மடியில் இருத்தினாள்.

"கொஞ்சம் வைச்சிருங்கோ. எனக்கு எழுத்து வேலை கிடக்கு."

பெயர், விலாசம், சின் நம்பர், நாற்பத்தெட்டுக் கிழமைக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு டொலர் என்று ஒவ்வொன்றாக எழுதினாள். அதற்குள் குழந்தை அவருடைய கண்ணாடியைப் பிடுங்கி, அவர் போட்டிருந்த சேட்டையும் நனைத்துவிட்டது. "கெதியா வாருமப்பா!" என்று அவர் இரண்டு தரம் கத்தினார். அவள் அவசரப்படவில்லை. முழுப் பெயரையும் நீட்டிக் கையெழுத்து வைத்தாள்.

"இதுக்கு நான் வரி கட்டவேணுமெண்டால் கட்டுறன். வேலை செய்யிற ஆக்கள் கட்டுறதுதானே."

யோகேந்திரன் நனைந்த சேட்டோடு அந்தக் காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு மேசையில் வைத்துவிட்டுச் சேட்டு மாற்றப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அஜந்தா வழக்கம்போல் உறையோடு சாமித் தட்டின் பக்கம் போனாள்.

"அங்க வையாதை பிள்ளை," என்று சிவநேசம் கையை நீட்டினாள். "இஞ்ச தா." கையில் வாங்கும்போது அவளுக்குப் பெருமை பொங்கியது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

திங்கட்கிழமை காலை சிவநேசம் சின்னவளுக்குக் கஞ்சி தீத்திக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. யோகேந்திரன் எடுத்தார். வித்தியாதான்.

"இல்லைப் பிள்ளை," என்றார் அவர். "அக்கா இப்ப வேலையில நிக்கிறா. அஞ்சு மணிக்குப் பிறகு எடுங்கோ."