சாத்தான் கொண்டுபோன பிள்ளை

என் மகளை நான்தான் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அந்தப் பழியை ஆறு வருடம் சாத்தானின் தலையில் போட்டு நிம்மதியாகச் சோறு தின்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் எனக்கு வாய் வராது. என்னை எனக்குத் தெரியும்.

என் பெயர் மீனாம்பிகை. கல்முனையில், சுனாமிக்குப் பிறகு கட்டித்தந்த வீடொன்றில் இருக்கிறேன். சித்தி லைலாவின் சாப்பாட்டுக் கடைக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பது என் தொழில். அவள் முஸ்லிம் பெண், சித்தி என்பது அவள் பெயரிலேயே உள்ளது, என்னைவிட நான்கு வயது இளையவள், வாய் மட்டும் என்னுடையதைவிட நீளம். கடல் வந்த அன்று என் புருஷன் கோணாமலையும் மகன் சுபாஸ்கரனும் கரைவலையடியில் நின்றார்கள். புருஷனை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். மகனைக் காணவேயில்லை. மூத்தவள் தக்சாயினி அப்போது வன்னியில், இயக்கத்தில் இருந்தாள். அவள் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

நாங்கள் அகதியாய்க் கிடந்த பள்ளிக்கூடத்துக்குப் பாஸ்டர் வந்தார். அரிசி தந்தார், சேலை தந்தார். அரிசியைவிடப் பெரிதாக ஒரு கதையும் தந்தார். எல்லாத் தூதரிலும் ஒளியான தூதன் ஒருவன் இருந்தானாம். தேவனுடைய சிங்காசனத்துக்கு மேலே தன் சிங்காசனத்தைப் போடப் பார்த்தானாம். தேவன் அவனைத் தள்ளிவிட்டாராம். விழும்போது வானத்து நட்சத்திரங்களில் மூன்றில் ஒரு பங்கை வாலால் இழுத்துக்கொண்டு விழுந்தானாம். தனக்கு நாள் கொஞ்சம் என்று தெரிந்த கோபத்தில்தான் பூமியில் இந்த ஆட்டமெல்லாம் ஆடுகிறானாம். கடைசி நாளில் அவனையும் அவன் தூதரையும் நெருப்புக் கடலில் போடுவார்களாம், பிறகு எழும்பவே மாட்டார்களாம்.

எனக்கு அந்தக் கதை பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் என்ன? யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தவளுக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டான். கடலைக் கிளப்பியவன் அவன். பிள்ளையைக் கொண்டுபோனவனும் அவன். ஒரு மாதத்தில் ஞானஸ்நானம் எடுத்துவிட்டேன். பெயரை மார்த்தாள் என்று மாற்றச் சொன்னார்கள். நாற்பத்து நாலு வயதில் இன்னொரு பெயர் எதற்கு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே மறந்துவிடுவேன் என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் சாட்சி சொல்வார்கள். சாத்தான் தனக்கு என்ன செய்தான், இயேசு எப்படி மீட்டார் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். என் சாட்சிக்கு நல்ல பெயர். "சாத்தான் எண்ட புள்ளைய வாசல்ல வந்து கொண்டுபோனான்" என்று தொடங்குவேன். எந்த இடத்தில் குரல் உடையும், எந்த இடத்தில் மற்றப் பெண்கள் முந்தானையை எடுப்பார்கள் என்பதெல்லாம் எனக்குப் பாடம். வெட்கம் கெட்டவள் நான்.

சண்டை முடிந்து இரண்டு வருடம் கழித்து, புனர்வாழ்வு முகாமிலிருந்து தக்சாயினியை விட்டார்கள். பதினாறு வயதில் போனவள் இருபத்து நாலில் வந்தாள். இடது காலுக்குள் ஒரு இரும்புத் துண்டு இருந்தது. அதிகம் கதைக்க மாட்டாள். வந்த மாதமே நாட்டின் மறுகரையில், கட்டுநாயக்காவில் ஒரு தையல் தொழிற்சாலைக்கு எழுதிப் போட்டு, வேலையும் கிடைத்து, போகிற திகதியும் வந்துவிட்டது. எனக்கு உலகத்தில் வேறு ஒருவரும் இல்லை. அவளை என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஞானஸ்நானம் எடுத்தால் சபையில் ஒட்டிக்கொள்வாள், சபையில் ஒட்டினால் ஊரில் நிற்பாள் என்று கணக்குப் போட்டேன்.

ஒரு வியாழக்கிழமை வேதபாடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பாஸ்டர் அன்றைக்கும் அந்தத் தூதன் விழுந்த கதையைத்தான் எடுத்தார். பாயின் ஓரத்தில் காலை நீட்டிக்கொண்டிருந்த தக்சாயினி கையை உயர்த்தினாள்.

"பாஸ்டர், அந்த மூண்டில ஒரு பங்கு தூதர்மார் தாங்களாப் போனவங்களா? இல்லாட்டி அவன் இழுத்துக்கொண்டு போனவனா?"

"விரும்பித்தான் போனாங்க, தங்கச்சி. தேவன் அநியாயமா ஒருத்தரையும் தண்டிக்கமாட்டார்."

"இழுத்தான் எண்டுதானே வாசிச்சீங்க. இழுபட்டுப் போனவங்க திரும்பி வர வழியே இல்லையா?"

"தூதர்களுக்கு மன்னிப்பு இல்ல. மனிசருக்குத்தான் இருக்கு. நீங்க மனிசர், தங்கச்சி. நெருப்பு உங்களுக்கு இல்ல, பயப்படாதீங்க."

"நெருப்புக்குள்ள நாங்க ஒருக்கா நிண்டுட்டு வந்தனாங்க, பாஸ்டர்."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. கூட்டம் முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைக்குள் சாத்தானின் கட்டு ஒன்று இருக்கிறது, வாற ஞாயிறு ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்துங்கள், சாட்சியும் சொல்ல வேண்டும் என்றார்.

நான் வீட்டுக்கு வந்து கொப்பித் தாளில் அவளுடைய சாட்சியை எழுதினேன். என் சாட்சிதான், ஆளை மட்டும் மாற்றினேன். அவள் அதை இரண்டு முறை வாசித்தாள்.

"இது ஆர் எழுதினது?"

"நான்தான். நீ பாத்து வாசிச்சாக் காணும்."

"அண்டைக்கு இயக்கத்தால வந்தவங்க ரெண்டு பேர், அம்மா. ஒராள் உங்களோட மரியாதையாக் கதைச்சவர். மற்றாள் சைக்கிளில சாஞ்சுகொண்டு நிண்டவர். சாத்தான் எண்டு ஒருத்தரும் வரேல்லை."

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"வீட்டுக்கு ஒரு புள்ள வேணும் எண்டாங்க. நான் குசினிக்குள்ள மீன் கழுவிக்கொண்டு நிண்டன். 'இவனுக்கு இழுப்பு வருத்தம், காட்டுக்குள்ள தாங்கமாட்டான், மூத்தவளக் கொண்டுபோங்க' எண்டீங்க. எந்தப் புள்ளை எண்டு அவங்க உங்களைக் கேக்கக்கூட இல்லை."

கேட்டுவிட்டாளா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் இருந்தது. கேட்டிருக்க மாட்டாள் என்று நானே சொல்லிச் சொல்லி நம்பியிருந்தேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும்.

"நான் என்ன செய்ய? ரெண்டு பேரையும் குடுக்கட்டா? நீயும் ஒரு தாயா இருந்து பார்!"

"குடுத்ததுக்குக் கோபம் இல்லை. தம்பி போயிருந்தா முதல் கிழமையே செத்திருப்பான். அது எனக்குத் தெரியும்." அவள் சத்தம் போடவில்லை. "ஆனா குடுத்தது நீங்க. அதச் சொல்லுங்க. ஆறு வருசமா அழுது அழுது பொய் சொன்ன ஆக்களுக்கு முன்னால நிண்டு சொல்லுங்க. சொன்னா நான் தண்ணிக்குள்ள இறங்குறன். கட்டுநாயக்காவுக்கும் போகமாட்டன். உங்களோடயே இருக்கிறன்."

கட்டிலில் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். காட்டுக்குள் தாங்கமாட்டான் என்று நான் வைத்துக்கொண்ட பிள்ளையைக் கடல் கொண்டுபோனது. மகனும் இல்லை, மகளும் இல்லை என்று ஆனபோதுதான் சாத்தான் எனக்குத் தேவைப்பட்டான்.

மறுநாள் கடையில் இடியப்பத் தட்டுகளை இறக்கும்போது சித்தி லைலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தது என் பிழை. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"எங்கட பள்ளிவாசல் ஹஸ்ரத் ஒருக்கா பயான்ல சொன்னாரு, அக்கா. மறுமை நாளில எல்லாரும் இப்லீச, அதான் ஒங்கட சாத்தான, சுத்தி நிண்டு, 'உன்னாலதான், உன்னாலதான்' எண்டு சண்டைக்குப் போவாங்களாம். அவன் என்ன சொல்லுவான் தெரியுமா? 'நான் கூப்பிட்டன், நீங்க வந்தீங்க. ஒங்கட கையப் புடிச்சா இழுத்தன்? என்னை ஏசாதீங்க, ஒங்கள ஏசிக்கோங்க' எண்டு சொல்லுவானாம்."

"பிறகு?"

"மறுகா என்ன, எல்லாரும் ஒண்டாத்தான் நெருப்புக்கு." தட்டைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனவள் பாதியில் திரும்பினாள். "நானா இருந்தாலும் மகனத்தான் வெச்சிருப்பன், அக்கா. அல்லாஹ் காப்பாத்தணும். ஆனா மகள் கேட்டாச் சொல்லிடுவன்."

ஞாயிற்றுக்கிழமை வாடகை வேனில் சாகாமக் குளத்துக்குப் போனோம். கடல் வாசலில் இருக்க, குளத்துக்கு ஏன் இத்தனை தூரம் என்று வெளியூரார் கேட்பார்கள். எங்கள் சபையில் கடலுக்குள் கழுத்தளவு இறங்க ஒருவருக்கும் மனம் வராது. குளக்கட்டுக்கு அந்தப் பக்கம் வயல் பச்சையாய்க் கிடந்தது. வெள்ளை உடுத்த எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். தக்சாயினி கடைசியில் நின்றாள். என் வெள்ளைச் சேலையைத்தான் கட்டியிருந்தாள்.

அவளுடைய முறை வந்தபோது, முதலில் தாய் சொல்லட்டும் என்றார் பாஸ்டர். எழுந்தேன். வாய் பழக்கத்தில் "சாத்தான்..." என்று தொடங்கிவிட்டது. "ஸ்தோத்திரம்" என்று பெண்கள் வழமையான இடத்தில் குரல் கொடுத்தார்கள். தக்சாயினி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"சாத்தான் இல்லை," என்றேன். "நான்தான் குடுத்தன். மகன வெச்சுக்கொண்டு, மகளக் குடுத்தன். ஆறு வருசமா உங்களுக்குப் பொய் சொன்னனான்."

சொல்லிவிட்டேன், மகள் இனி எனக்கு என்று நினைத்தேன். பாஸ்டர் கிட்ட வந்து என் தலையில் கையை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"சகோதரி, இது உங்கட குரல் இல்ல. குற்றஞ்சாட்டுறவன் எண்டுதான் சாத்தானுக்குப் பேர். பிள்ளைய இழந்த தாய்க்குள்ள புகுந்து, தாயையே குற்றவாளி ஆக்கிறான். சபையே, ஜெபியுங்க!"

எல்லாருமாக எழுந்து வந்தார்கள். தோளில், முதுகில், நெற்றியில் கைகள். "வெளியே போ! வெளியே போ!" என்று சத்தம். நான் அவர்களுக்குக் கேட்கட்டும் என்று "நான்தான், நான்தான்" என்று கத்தினேன். பேய் வாயைத் திறந்து ஒத்துக்கொள்கிறது என்று அவர்களுக்கு இன்னும் உற்சாகம் கூடியது. என்னை முழங்காலில் இருத்தினார்கள். ஆறு வருடம் நான் சொன்ன பொய்யை அழுது அழுது நம்பியவர்களுக்கு, ஒரேயொரு நாள் சொன்ன உண்மை காதில் ஏறவில்லை. கையைத் தட்டிவிடக்கூட என்னால் முடியவில்லை. அப்படி ஒரு இயலாமையை நான் கடல் வந்த அன்றுகூட அறியவில்லை.

காலை இழுத்து இழுத்து வந்து, என் மேல் இருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தாள் தக்சாயினி.

"விடுங்க! இது சாத்தான் இல்ல. எங்கட அம்மா."

பாஸ்டர் பின்வாங்கினார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. தக்சாயினி என்னைத் தூக்கி நிறுத்தி, மண்ணைத் தட்டி, குளக்கட்டிலிருந்து இறக்கிக்கொண்டு போனாள். தண்ணீரில் இறங்கவில்லை. யாரும் எங்களை மறிக்கவில்லை. பின்னால் ஜெபம் தொடர்ந்து நடந்தது, எங்களுக்காகத்தான்.

அக்கரைப்பற்றில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"சொன்னன்தானே, மகள். நீ இருப்பாய்தானே?"

"ஓம், சொன்னீங்க." அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நிந்தவூர் தாண்டியதும், வெளியே பார்த்தபடியே கேட்டாள்: "தம்பி இப்ப உயிரோட இருந்து, அவங்க திரும்பியும் வந்து வாசல்ல நிண்டா, ஆரக் குடுப்பீங்க?"

எந்தத் தாயும் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பாள். என்னிடமும் இருந்தது. ஒருவரையும் கொடுக்க மாட்டேன், என்னைக் கொண்டுபோங்கள் என்று படுத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உள்ளிருந்த பொய்யைக் கக்கிவிட்டு வந்த வாய் அது, இன்னொரு பொய் ஏறவில்லை. இழுப்பு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிற சுபாஸ்கரன்தான் என் கண்ணுக்குள் நின்றான்.

"உன்னைத்தான்," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. அழவுமில்லை. காரைதீவுச் சந்தியில் ஆட்கள் ஏறி இறங்கி முடிந்த பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதுக்கு மட்டும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அம்மா," என்றாள்.

வியாழக்கிழமை காலை அவள் கட்டுநாயக்காவுக்குப் போனாள்.