தெருக்குத்துக்கு ஒரு பிள்ளையார்

சிட்டிபாபுவின் சிரிப்பு எனக்கு ஆகாது. ஆறு மாதமாக எங்கள் சிட்லபாக்கம் தெருவில் சிரித்துக்கொண்டே திரிந்தான், பில்டர் கம்பெனி ஆள். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு சந்து; அதன் இரண்டு பக்கமும் இருந்த பழைய வீடுகளைக் கம்பெனி வாங்கிவிட்டது. நடுவில் இருக்கும் ஆறடிச் சந்து மட்டும் பொதுவழி. அது அடைபடாமல் இரண்டு மனையும் சேராது, அடுக்குமாடி எழும்பாது.

எனக்குச் சோறு போடுவதே அந்தச் சந்துதான். மூன்று வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பியது. கைத்தடியோடு வாசலை விட்டு இறங்கி, எதிரே இருக்கும் சந்துக்குள் நுழைந்தால் பத்து நிமிடத்தில் ஸ்டேஷன். அங்கிருந்து ஏழு பத்து ரயிலேறி ஊரப்பாக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கணக்குப் பாடம் எடுக்கிறேன். சுற்றுவழியில் போனால் முக்கால் மணி நேரம், நடுவில் இரண்டு இடத்தில் உட்காரவேண்டும். காலை ஆறரைக்கு எங்கள் பக்கம் ஆட்டோ எட்டிக்கூடப் பார்க்காது. வழி போனால் என் வேலையும் போய்விடும்.

மாசி மாதம் அக்கா பேத்திக்குக் காதுகுத்து என்று செங்கல்பட்டு போய் இரண்டு நாள் தங்கினேன். திரும்பி வந்தால் சந்துமுனையில், என் வாசலுக்கு நேரெதிரே, முழங்கால் உயரத்துக்கு ஒரு பிள்ளையார். அருகம்புல் மாலை, சந்தனம், இடுப்பில் புதுத் துண்டு. படுபாவி சாமியை வைத்து வழியை அடைக்கிறான் என்று எனக்கு உடனே பொறி தட்டியது. என் வீட்டுக்காரர் ஜெயவேலுவிடம் சொன்னேன். யாரோ பக்தியில் வைத்திருப்பார்கள், விடு என்றார். தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ரிடையர் ஆன மனுஷர், பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அன்றைக்கு அவர் காதைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பிள்ளையார் மளமளவென்று வசதியானார். தகரக் கூரை வந்தது, கிரில் வந்தது, சிட்டிபாபு உபயமாகக் கல் தரையும் வந்தது. ஒரு ஆள் போகிற இடைவெளிதான் மிச்சம். அதில் நண்டு மாதிரி பக்கவாட்டில் நுழைந்து வேலைக்குப் போனேன். மனு எழுதிக்கொண்டு வீடுவீடாக ஏறினேன். சந்து வேண்டும் என்றவர்கள்கூடக் கையெழுத்து என்றதும் சாமி விஷயம் டீச்சர் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிட்டிபாபு இவனுக்கு என்ன கொடுத்தானோ, அவளுக்கு என்ன கொடுத்தானோ என்று ஒருத்தர் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்டேன். சந்துமுனையில் மீன் விற்கும் ரேணுகாம்பாளையும் விடவில்லை. கோவளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள், வைத்தவனைப் பார்க்காமலா இருந்திருப்பாள்? எவ்வளவு வாங்கிக்கொண்டு வாயை மூடினாய் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். "என்னாண்ட இன்னாத்துக்குக் கேக்கற டீச்சரு? உன் வூட்டுக்காரரைக் கேளு. அவருதான் விடிகாலைல ஆட்டோல எடுத்துகினு வந்தாரு. மீன் கையோட கிட்ட வராதன்னு என்னையத் தள்ளி குந்தச் சொன்னாரு."

வீட்டில் அவர் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டேன். காது சிவந்தது.

சந்து நேராக வந்து நம் வாசலில் குத்துகிறதாம், தெருக்குத்தாம். இந்த வீட்டுக்கு வந்த பிறகு என் நல்ல காலும் வலிப்பது அதனால்தானாம். முனையில் பிள்ளையாரை உட்காரவைத்தால் தோஷம் அவரைத் தாண்டி வராது என்றாராம் ஜோசியர். சொன்னால் திட்டுவேன் என்று நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்தாராம்.

"அந்த ஜோசியர்கிட்ட உங்களை யார் கூட்டிட்டுப் போனா?"

இன்னொரு கத்தரிக்காயை எடுத்து நறுக்கினார். "சிட்டிபாபு. உன் காலைப் பத்தி ரொம்ப அக்கறையா விசாரிச்சான், ரத்தினம்."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அசட்டு மனுஷா, என் வழியில் நீங்களே மண்ணை அள்ளிப் போட்டீர்களே என்று கத்தினேன். திங்கட்கிழமை என் மனுவுக்காகப் பேரூராட்சி அதிகாரி வழியைப் பார்க்க வருகிறார். கம்பெனிதான் வைத்தது என்று நான் சொல்வேன், நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது என்றேன். தலையாட்டினார்.

அதிகாரி வந்தார், தெருவே கூடியது. பிள்ளையாரை வைத்தது யார் என்று கேட்டார். கம்பெனி ஆட்கள் என்று கூசாமல் சொன்னேன். சிட்டிபாபு முன்னால் வந்தான். ஒரு வெற்றிலையில் கற்பூரத்தை ஏற்றிப் பிள்ளையார் முன்னால் வைத்தான்.

"டீச்சரம்மா கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணட்டும் சார். நான் ஒத்துக்கறேன்."

எனக்கா பயம்? என் வழி எனக்கு வேண்டும். பிள்ளையாரப்பா, நீயே பார்த்துக்கொள் என்று கையை நீட்டினேன். நெருப்பின் சூடு உள்ளங்கையில் பட்டது. அதற்குள் என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வேணாம் ரத்தினம். பொய் சத்தியம் உன் காலுக்கு ஆகாது." அதிகாரியைப் பார்த்தார். "நான்தான் சார் வச்சேன்."

குடியிருப்போரே விரும்பிக் கோயில் வைத்து வழியை அடைத்துள்ளனர், பொதுவழி தேவையில்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டார். சிட்டிபாபு சிரித்தான். இரண்டு மாதத்தில் சந்து இருந்த இடத்தில் மதில் எழுந்தது. பிள்ளையாரை அடுக்குமாடி கேட்டுக்குப் பக்கத்தில் சலவைக்கல் மேடையில் உட்காரவைத்தார்கள்.

இப்போது சுற்றித்தான் போகிறேன். லேட்டாக வருவதற்கு ஹெச்.எம். இரண்டு மெமோ கொடுத்தாயிற்று. என் பையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரரும் கூடவே வருகிறார். இன்று காலை கேட்டைத் தாண்டும்போது நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னும் என்னத்தை வேண்டிக்கிறீங்க?"

"உன் கால்தான்" என்றார்.

நான் மதிலில் சாய்ந்து நின்றேன். அந்தப் பக்கம் ஏழு பத்து ரயில் கூவிவிட்டுப் போனது.