மாப்பிள்ளையின் வாரம்

திங்கட்கிழமை காலை படகில் கால் வைத்ததும் பல் டாக்டர் முதலில் குனிந்து பார்த்தது வார்னிஷைத்தான். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு உச்சிமயிர் நட்டுக்கொண்டது. கேபினைச் சுற்றி ஓடும் தேக்குச் சட்டத்தில் வார்னிஷ் சொட்டுச் சொட்டாக வழிந்து அப்படியே காய்ந்திருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு பிரஷே படவில்லை. அதை ஒட்டினாற்போலவே மூன்று பூச்சு ஏறித் தடித்துக் கிடந்தது. போன வாரம் மாப்பிள்ளையின் வாரம்.

என்ன படகு தெரியுமா அது! அறுபது வயசு. முப்பத்தாறு அடி நீளம், உடம்பு முழுக்க மரம், ஒற்றைப் பாய்மரம். பித்தளைக் கொக்கி ஒவ்வொன்றிலும் முகம் பார்த்துத் தலை வாரலாம். உள்ளே இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்க இடம், கையகல அடுப்பு, வரைபடம் விரிக்க ஒரு மேசை. கோடையில் தீவு தீவாகச் சுற்றலாம். பந்தயம் என்று வந்துவிட்டால் நேற்றுப் பிறந்த பிளாஸ்டிக் படகுகளுக்கெல்லாம் தண்ணி காட்டும். டாக்டரும் அவர் தங்கை புருஷனும் பாதிப் பாதியாக வாங்கி இருபது வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தங்கை அந்தப் படகைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். "ஞாயித்துக்கிழமையானா இவர் சக்களத்தி வீட்டுக்குக் கிளம்பிடுறார். கூட்டிட்டுப் போறது யாருங்கிறீங்க? எங்கண்ணன்!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அதெல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்பு. துறைமுகத்தின் வருஷாந்திரப் பந்தயம். கடைசித் திருப்பம் வரைக்கும் இவர்கள்தான் முதல். திருப்பத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு ஆரஞ்சு மிதவை நிற்கும், அதைத் தொடாமல் சுற்றி வரவேண்டும். சுக்கான் மாப்பிள்ளை கையில். பட்டப்பகல். மனிதர் நேராகக் கொண்டுபோய் மிதவையிலேயே இடித்தார். மிதவையின் சங்கிலியில் சுக்கான் சிக்கிக்கொண்டது. பின்னால் வந்த அத்தனை படகும் கையசைத்துக்கொண்டே முந்திப் போயின. கரையில் நூறு பேர் பார்க்க டாக்டர் வாய்க்கு வந்தபடி கத்தினார். "பகல்கனவு காணத்தான் வகுப்பு இருக்கே, இங்க எதுக்குய்யா வந்து என் மானத்தை வாங்குறே?" மாப்பிள்ளை குனிந்து சங்கிலியை விடுவித்துக்கொண்டிருந்தார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

டாக்டர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கோபம் என்று ஒன்று வந்துவிட்டால் அதை அடைகாத்துக் குஞ்சு பொரிக்காமல் எழுந்திருக்க மாட்டார். தங்கை அவர் வீட்டுக்கு வருவாள், போவாள். இவர் அவள் வாசற்படியை மிதிக்கவில்லை. புருஷன் பேச்சை அவள் எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுவார். படகை ரெண்டாக அறுக்கவா முடியும்? ஒரு வாரம் இவருக்கு, ஒரு வாரம் அவருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். என்ன பழுது, எதற்கு எண்ணெய் போட வேண்டும் என்று அடுத்தவருக்கு எழுதி வைக்க மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு. ஒரு வருஷமாக அதில் மாப்பிள்ளை எதுவும் எழுதுவதில்லை. டாக்டர் மட்டும் எழுதினார். சொத்தைப் பல்லைத் தேடியே பழகிய கண், எதை விடும்? 'கயிறு சுருட்டத் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.' 'பித்தளை துடைத்த லட்சணம் அபாரம்.' போன முறை எழுதியது இன்னும் மோசம். 'கண் என்ன பிடரியிலா இருக்கிறது?'

இன்றைக்குக் கரையில் கட்டிய கயிற்றையும் பார்த்தார். படகுக்காரன் போடுகிற முடிச்சா அது? கடையில் பொட்டலம் கட்டுகிற முடிச்சு! இருபது வருஷம் பாய் இழுத்தவனுக்கு முடிச்சா மறந்துபோகும்? வேண்டுமென்றே செய்கிறான், என்னைச் சீண்டிப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். நோட்டில் எழுதி இனிப் பிரயோஜனம் இல்லை. கிளினிக்குக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு தாள் அடித்தார். படகில் எனக்குள்ள பாதியை மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறேன் என்று நாலு வரி, அடியில் மாப்பிள்ளையின் கையெழுத்துக்கு ஒரு கோடு. அதையும், சாட்சிக்கு அந்த நோட்டையும் பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் தங்கை வீட்டு மூன்று மாடியையும் மூச்சு வாங்க ஏறினார்.

கதவைத் திறந்த தங்கைக்கு முகம் வெளிறிவிட்டது. "அண்ணா... நீயா?"

"யாரு, மச்சானா?" உள்ளேயிருந்து குரல் வந்தது. "படியில கேட்டப்பவே நெனச்சேன், அது மச்சான் நடைதான்னு. வாங்க வாங்க! எழுதினபடியே வந்துட்டீங்களே!"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முகம் நிறையச் சிரிப்பு. ஆனால் அந்தச் சிரிப்பு டாக்டரைப் பார்க்கவில்லை, ஒரு முழம் தள்ளி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கோடை முடியறதுக்குள்ள வீட்டுக்கு வர்றேன், பழசையெல்லாம் விட்டுடுவோம்னு எழுதியிருந்தீங்களாமே. இவ படிச்சுக் காட்டினா."

அவருக்குப் பின்னால் நின்றிருந்த தங்கை அண்ணனைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். சொல்லிவிடாதே என்று தலையை ஆட்டினாள். மாப்பிள்ளையின் கை பக்கத்து முக்காலியில் தண்ணீர்த் தம்ளரைத் தேடித் தடவியது.

"காபி போடுறேன், நீ வா, அந்தச் சக்கரை டப்பாவை எடுத்துக் குடு" என்று தங்கை அவரை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஓரத்துலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா மறைச்சுக்கிட்டே வந்துச்சுண்ணா. நரம்பு வாடிப்போச்சாம், வைத்தியம் இல்லையாம். அன்னிக்குப் பந்தயத்துல மிதவை கண்ணுக்குத் தெரியல. அவருக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இப்ப வெளிச்சம் மட்டும்தான் தெரியுது."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரிஞ்சா அவரைப் படகுல ஏத்தவே மாட்டியாம், அதான் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். நான்தான் கூட்டிட்டுப் போவேன். முடிச்சுப் போடுறதும் நான்தான், எனக்கு என்ன தெரியும்? பாயைத் தொட மாட்டார். தடவித் தடவி வார்னிஷ் அடிப்பார், என்னைக் கிட்டவே விட மாட்டார். முடிச்ச கையோட, மச்சான் என்ன எழுதியிருக்கார் படிம்பார்."

"நீ... என்ன படிப்பே?"

"பின்ன, நீ எழுதினதையா படிக்கச் சொல்றே?"

டாக்டர் திரும்பக் கூடத்துக்கு வந்து மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை கையை நீட்டினார்.

"பையில காகிதம் சரசரக்குதே, நம்ம நோட்டா? குடுங்க."

கொடுத்தார். மாப்பிள்ளை கடைசியாக எழுதிய பக்கத்தைத் தடவித் திருப்பி அதன் முதுகில் விரல்களை மெல்ல ஓட்டினார். "இவ அடுப்படியிலதானே இருக்கா?" என்று குரலைத் தாழ்த்தினார். "மச்சான், நீங்க பேனாவை ரொம்ப அழுத்துறீங்க. பின்பக்கம் புடைச்சுக்கிட்டு நிக்குது. என்ன எழுத்துன்னு தெரியாது. ஆனா, விட்டுடுவோம்னு எழுதுறவன் காகிதத்தை இப்படிக் குத்திக் கிழிக்க மாட்டான்."

டாக்டர் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவ படிக்கிறப்போ குரல்ல அப்படி ஒரு சந்தோஷம். அதை ஏன் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம். நீங்களும் காட்டிக் குடுத்துடாதீங்க."

"மாப்பிள்ளை, என்னைச் செருப்பால அடிங்க. நான் மனுஷனே இல்ல." டாக்டர் அழுதார். சத்தம் அடுப்படிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு, அறுபது வயசு மனிதர், தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

"சும்மா இருங்க மச்சான். மறைச்சது என் தப்பு." மாப்பிள்ளை தடவி அவர் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார். "போன வாரம் அடிச்சேனே, ரொம்ப மோசமா?"

"இல்ல மாப்பிள்ளை. கண்ணாடி மாதிரி இருக்கு."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "நீங்களும் உங்க தங்கச்சி மாதிரியே படிக்க ஆரம்பிச்சுட்டீங்க." பிறகு சிரிப்பு நின்றது. "மூணு வருஷம் படியேறாத மனுஷன் இந்த நோட்டைக் குடுக்கவா வந்தீங்க? வேற என்ன கொண்டாந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. கிளினிக் காகிதம்."

"படகுதானே? என் பாதியைக் கேக்கத்தானே?"

டாக்டர் தாளை எடுத்தார். "கிழிச்சுப் போட்டுடுறேன். நீங்கதான் சுக்கான் பிடிக்கணும் மாப்பிள்ளை. நான் கூடவே நிக்கிறேன், வலது இடது சொல்றேன்..."

"கிழிக்காதீங்க." அந்தக் குரலில் இப்போது வாத்தியார் வந்திருந்தார். "நான் பூசுற ஒவ்வொரு பூச்சும் அந்தச் சக்களத்திக்குக் கெடுதல். விரல் வச்சாலே தெரியுது, எங்க வழிஞ்சிருக்கு, எங்க விட்டுப்போச்சுன்னு. தெரிஞ்சும் விட மனசு வரல. நீங்க இதைக் கிழிச்சா அடுத்த வாரமும் நான் போய் நிப்பேன். அவ என் கையால பாழாகணுமா? நீங்க பாத்துப்பீங்க மச்சான். உங்களுக்குத்தான் ஒரு சொட்டு வழிஞ்சாலும் பொறுக்காதே. எங்க போடணும்? விரலைப் பிடிச்சு வச்சுக் காட்டுங்க."

டாக்டர் மாட்டேன் என்றார். மாப்பிள்ளை நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் டாக்டர்தான் அந்த விரலைப் பிடித்து, காலையில் தானே அடித்த கோட்டின் மேல் வைத்தார். மாப்பிள்ளை நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எழுத்துகள் கோட்டை விட்டு ஏறி, தாளின் ஓரம் வரைக்கும் போய், கடைசி எழுத்து முக்காலியின் மேல் விழுந்தது.

தங்கை காபித் தட்டோடு வந்தாள். இருவரும் தலையோடு தலை சேர்த்துக் குனிந்திருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "ரெண்டு பேரும் என்ன எழுதுறீங்க?"

"வர்ற பந்தயத்துக்குப் பேர் குடுக்கிறோம்" என்றார் மாப்பிள்ளை, கண் இமைக்காமல். "சுக்கான் நான்தானாம். மச்சான் ஒத்தக் கால்ல நிக்கிறார்."

"நெசமாவாண்ணா? எங்க, குடு, நான் படிக்கிறேன்."

டாக்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். "நெசந்தான்மா" என்றார்.

தங்கை தட்டை வைத்துவிட்டு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் தளும்பியது. புருஷன் காதில் விழாமல் அண்ணன் காதோரம் குனிந்து, "நான் பொய்யாப் படிச்சதெல்லாம் பலிச்சிடுச்சு பாத்தியா" என்றாள்.