துவைத்து அடுக்கிய சட்டைகள்

‘குயில்ட்’ எனும் ஒட்டுத்துணிப் போர்வை விழாவில் மூன்று நாள் வகுப்பு எடுக்க வந்திருந்த அந்த டீச்சருக்கு முதுகுக்குப் பின்னால் ‘துவைச்சாச்சா’ என்று பெயர். துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்க யார் வந்து உட்கார்ந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். துவைக்காத துணியை வெட்டித் தைத்தால் பிறகு ஒன்று சுருங்கும், ஒன்று சாயம் விடும், போர்வை கோணிக்கொண்டு நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் அவள் யாருக்கும் தாட்சண்யம் பார்த்ததில்லை. ஒரு தடவையாவது பார்த்துத் தொலைத்திருக்கலாம்.

முதல் நாள் மாலை எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒரு பெண் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. மடியில் ஒரு துணிப்பை. காலையிலிருந்து அதன் முடிச்சைக்கூட அவள் அவிழ்க்கவில்லை. பயிற்சிக்குக் கொடுத்த துணியில்தான் தைத்துப் பழகினாள். அவள் சங்கதி டீச்சருக்குத் தெரியும். பதிவு மேசையில் இருந்த டீச்சரின் நாத்தனார் மத்தியானமே காதைக் கடித்திருந்தாள்.

“அண்ணி, அந்தம்மாவோட பையன் பைக்ல விழுந்து போயிட்டானாம். ஒரே பையன். அவன் சட்டையெல்லாம் கொண்டு வந்திருக்காங்க. பாத்துப் பேசுங்க.”

டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “என்னம்மா, கிளம்பலையா?”

“இதைப் போர்வையாத் தச்சுப் போத்திக்கிட்டுப் படுக்கணும் டீச்சர். தூக்கமே வரமாட்டேங்குது.” அந்தப் பெண் பையை இறுக்கிக்கொண்டாள். “நான் எதையும் துவைக்கல. அவன் கழட்டிப் போட்டது அப்படியே இருக்கு.”

செத்துப்போன பிள்ளையின் சட்டையைத் தண்ணீரில் முக்க எந்தத் தாய்க்குக் கை வரும் என்று டீச்சர் நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள், அதைத் தாண்டி அவள் புத்தி போகவில்லை.

“அதுக்கெல்லாம் கவலைப்படாதீங்கம்மா. பையைக் குடுத்துட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன். நாளைக்கு வெட்ட ஆரம்பிச்சிடலாம்.”

“பத்திரம் டீச்சர்.”

“என் பிள்ளை துணி மாதிரி பாத்துக்கறேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். தங்கியிருந்த விடுதியின் மெஷினில் போட மனம் வராமல், வாளியில் ஊறவைத்துக் கையாலேயே துவைத்தாள். காலர் அழுக்கைக் கட்டைவிரலால் தேய்த்து எடுத்தாள். அக்குளில் படிந்திருந்த மஞ்சள் கறை போகும்வரை திரும்பத் திரும்பச் சோப்புப் போட்டாள். உலர்த்தி, இஸ்திரி போட்டு, நிறவாரியாக அடுக்கினாள். பாவம், அந்தத் தாயின் பாரத்தில் பாதியைத் தான் இறக்கிவிட்டதாக அவளுக்கு ஒரு திருப்தி. ரொம்ப நாளைக்குப் பிறகு தன்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அந்தப் பெண் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். மேசையில் அடுக்கியிருந்ததைப் பார்த்தாள். மேலே இருந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்து முகத்தில் வைத்து முகர்ந்தாள். உடனே எடுத்தாள். அடுத்த சட்டை. காலர், கை, மடிப்பைப் பிரித்து அக்குள். பிறகு இன்னொன்று. கடைசிச் சட்டையில் முகத்தைப் புதைத்தவள் வெகுநேரம் நிமிரவில்லை. அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது.

“எல்லாத்தையுமா?”

டீச்சர் தலையை மட்டும் ஆட்டினாள்.

“ஒண்ணுகூட விடலையா டீச்சர்?”

“துவைச்சாத்தானேம்மா தைக்க...” வாய் பழக்கத்தில் ஆரம்பித்துப் பாதியில் நின்றது. “தெரியாமப் பண்ணிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க.”

அந்தப் பெண் அழவில்லை, கத்தவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது டீச்சருக்கு ஆறியிருக்கும். வெளியே மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு படியேறும் சத்தம் கேட்டது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைகளை டீச்சர் பக்கம் தள்ளினாள்.

“வெட்டுங்க.”

“நீங்கதாம்மா வெட்டணும். உங்க கையால...”

“நேத்து வரைக்கும் அவன் இதுல இருந்தான். பையைப் பிரிக்கக்கூடப் பயமா இருந்துச்சு. இப்ப வெறும் துணிதானே. யாரு வெட்டினா என்ன.”

டீச்சர் நீலச் சட்டையை விரித்து, ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு, கத்தரிக்கோலை எடுத்தாள். கை நடுங்கும் என்று பார்த்தாள். நடுங்கவில்லை. எத்தனையோ வருடப் பழக்கம்; துண்டு ஒரு நூல் பிசகாமல் வந்து விழுந்தது. அந்தக் கையைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.